மூக்கில் அடிக்கும் மருந்தும் முறையான ஒப்புதலும்

மருந்து கண்டுபிடித்தவர்களை உலகம் கொண்டாடுகிறது. அந்த மருந்து அவசரப்பட்டு நோயாளியின் கைக்குப் போய்விடாமல் கட்டிக் காப்பவர்களை யாரும் கண்டுகொள்வதில்லை. அந்தத் தியாகிகளில் ஒருவன் நான். கொடைக்கானலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் வரவேற்பறையில், காப்பீட்டு நிறுவனத்தின் ‘உதவி மைய’ அலுவலராக ஆறு வருடமாக வீற்றிருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை வெள்ளனே பூம்பாறையிலிருந்து கணபதியும் அவர் மனைவி வீரம்மாவும் வந்தார்கள். பூண்டு போடுகிறவர்கள். போன வருடம் தோட்டத்தில் வீரம்மாவைக் கதண்டு கொட்டியது. அந்தப் பெருங்குளவி கொட்டினால் மற்றவர்களுக்கு வீங்கும். இவருக்குத் தொண்டையே அடைத்துக்கொண்டது. ஜீப்பில் தூக்கிப் போட்டு வந்து பிழைக்க வைத்தார்கள். ஒவ்வாமை, இன்னொரு தடவை தாங்காது என்று சொன்ன டாக்டர் சுகன்யா, புதிதாக அனுமதி பெற்று வந்திருக்கும் மருந்தை எழுதித் தந்திருந்தார். கொட்டிய இடத்திலேயே மூக்கில் ஒருமுறை அடித்துக்கொண்டால் போதும். ஆஸ்பத்திரி வந்து சேரும்வரை உயிர் தாங்கும். விலைதான் பூண்டு விற்ற காசுக்கு எட்டாது; காப்பீட்டில் கிடைத்தால்தான் உண்டு.

“வெரசாக் குடுத்தீங்கன்னா கெளம்பிருவோம் சார். பூண்டு புடுங்காமக் கெடக்கு,” என்றார் கணபதி.

“எங்க லிஸ்ட்ல இந்த மருந்து இருக்குங்க.”

அவர் முகம் மலர்ந்தது.

“‘இருக்கு’ன்னுதான் சொன்னேன். ‘கெடைக்கும்’னு சொல்லலியே.”

மனு மேலே போனது. மதுரையில் மருத்துவக் குழு காணொளியில் கூடியது. நோயாளியின் தரப்பைக் கேட்பது எங்கள் மரபு. ஆகவே வீரம்மாவை என் கணினி முன் உட்கார வைத்தேன்.

“உங்களக் கொட்டுனது கதண்டுதான்னு எப்படி நிரூபிப்பீங்க? போட்டோ இருக்கா?” என்றார் குழுத் தலைவர்.

“மூச்சு முட்டிக் கெடந்தேங்கய்யா. போட்டோ எடுக்கத் தோணல.”

‘நோயாளி போதிய ஒத்துழைப்பு நல்கவில்லை’ என்று குறித்துக்கொண்டார்கள். ஆயினும் பெருங்கருணையோடு, முப்பது நாள் செல்லும் ஒப்புதல் வழங்கினார்கள்.

அதை ஏந்திக்கொண்டு இருவரும் ஆஸ்பத்திரியின் மருந்துக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் வேல்ராஜ் கையை விரித்தார்.

“இத யாரும் கேக்கல, அதான் வாங்கி வைக்கல.”

“இப்ப நாங்க கேக்குறமே?”

“ஒருத்தருக்காக அனுப்ப மாட்டாங்கண்ணே. பத்துப் பேர் சீட்டு வேணும். அப்பத்தான் ஒரு பெட்டி வரும்.”

கணபதி வேலையைப் போட்டுவிட்டு மலையெல்லாம் அலைந்தார். பாச்சலூர்வரை போய், தொண்டை அடைக்கும் ஒன்பது பேரைத் தேடிப் பிடித்து, டாக்டரிடம் கூட்டிவந்து சீட்டு வாங்கிக் கொடுத்தார். எங்கள் நிறுவனத்தின் ‘மக்கள் தொடர்பு’ இவ்வளவு சிறப்பாக அதற்கு முன் நடந்ததில்லை. பெட்டியும் வந்தது. முப்பத்தோராம் நாள்.

“ஒப்புதல் நேத்தோட முடிஞ்சிருச்சுங்க. புதுசா மனு எழுதிக் குடுங்க,” என்றேன்.

வீரம்மா எதிரே மருந்துக் கடையின் கண்ணாடி அலமாரிக்குள் இருந்த பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். படிவத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

நான்காம் நாள் மத்தியானம் கதண்டு அவரை மறுபடி கொட்டியது. அதற்கு எங்கள் நடைமுறை தெரியாது. மலைச் சாலையில் மூடுபனி. ஊருக்குள் நுழைந்தால் ஏரிப்பக்கம் சுற்றுலா வண்டிகளின் வரிசை. ஜீப் வந்து நின்றபோது வீரம்மாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. டாக்டர் சுகன்யா ஓடிவந்து ஊசி போட்டார். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் கண் திறந்து தண்ணீர் கேட்டார்.

அன்றே எங்கள் தலைமையகம் முடிவை அறிவித்தது: ‘நோயாளி ஊசியிலேயே குணமடைந்திருப்பதால், புதிய மருந்துக்கான தேவை எழவில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது.’

கடிதத்தைக் கணபதிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கதவோரம் நின்றபடி கேட்டார்: “ஊசி ஆஸ்பத்திரியில இருக்கு. கதண்டு தோட்டத்துல இருக்கு. இவ எங்க இருக்கணும்ங்கிறீங்க?”

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அந்த மாதக் கூட்டத்தில், கோப்பை விரைந்து முடித்ததற்காக எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். ‘பல உயிர்களைக் காத்தவர்’ என்று அச்சிடச் சொன்னார்களாம். அச்சகத்துக்காரர் கைதவறி ‘பல உயிர்களைக் காக்கவைத்தவர்’ என்று அடித்துவிட்டார். மேலாளர் பதறிப்போய்த் திருத்தி வாங்கித் தருவதாகச் சொன்னார்.

வேண்டாம் என்றுவிட்டேன். எங்கள் நிறுவனம் முத்திரை குத்திக் கொடுத்த காகிதங்களில் உண்மை பேசுவது அது ஒன்றுதான்.