நீட்டிய கை

பிள்ளைகளா, நான் எதற்காவது விளக்கம் சொல்ல வாயைத் திறந்தாலே நீங்கள் இருவரும் எழுந்து நின்று வலது கையை நீட்டுகிறீர்களே, அந்தக் கதையை முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

இரும்பு உதிரிபாகம் செய்யும் ஓசூர் கம்பெனியில் நான் அப்போது கான்ட்ராக்ட் ஆள். தினமும் வேலை தொடங்குமுன், சுவரில் மாட்டியிருக்கும் குவாலிட்டி பாலிசியைக் கை நீட்டி உறுதிமொழிபோலச் சொல்ல வேண்டும். ஒருவர் முன்னால் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். முழுக்க இங்கிலீஷ். ஒரு சொல்லுக்கும் எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் அந்த ஓசையில் ஒரு மயக்கம். பாகலூரிலிருந்து பனிக்குள் சைக்கிளில் வரும்போது, ரோஜாத் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் ஏரிபோல மிதக்கும். அந்த வரிகளை முணுமுணுத்துக்கொண்டே வருவேன். (எதிரே வரும் மாடுகள் ஒதுங்கி நின்று கேட்கும்.) சொல்லச் சொல்ல, பர்மனென்ட் ஆட்கள் போடும் நீலச் சட்டைக்குள் நான் மெல்ல நுழைவதுபோலத் தோன்றும்.

ஒருநாள் தரத்தைச் சோதிக்க ஆடிட் வந்தது. ஓரத்தில் பிசிறு நின்ற ஒரு பீஸை, பரவாயில்லை என்று நல்லவற்றோடு போட்டுக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் நாகராஜண்ணன் ஓடிவந்தார்.

"ஏம்ப்பா, நீதான் நல்லா சொல்லுவ. முன்னால வா. இன்னைக்கு ஒழுங்கா சொல்லிட்டன்னா பர்மனென்ட்டுக்கு உம்பேர நானே சொல்றேன்."

கணீரென்று சொன்னேன். ஆடிட்டர் பெங்களூர்க்காரர். "தும்பா சென்னாகிதே, நல்லாருக்கு," என்று தலையாட்டினார். "இதுக்கு அர்த்தம் ஏனு, என்ன? தமிழ்லயே சொல்லுங்க."

எனக்குள் பனி இறங்கியது. வேறு வழி தெரியாமல், கையை நீட்டி முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். பழக்கதோஷம், எங்கள் லைன் மொத்தமும் கை நீட்டித் திருப்பிச் சொன்னது.

"அய்யோ, அர்த்தம் கேட்டேன்ப்பா."

இன்னும் சத்தமாகச் சொன்னேன். பேக்கிங் பிரிவும் சேர்ந்துகொண்டது. (உங்கள் அம்மா அங்கேதான் இருந்தாள். என்னை முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.)

ஆடிட்டர் நாகராஜண்ணனிடம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க."

நாகராஜண்ணன் சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்தார். பிறகு, மெல்லக் கையை நீட்டினார்.

கடைசியில் ஆடிட்டரே சொன்னார்: "கெட்ட பீஸ் நம்ம கையவிட்டு வெளிய போகக் கூடாது. அவ்ளோதான்."

நீலச் சட்டை அந்த வருஷம் வரவில்லை.

அன்று ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் பஸ்ஸுக்குப் போன பிறகு, நான் மட்டும் மெஷினுக்குத் திரும்பினேன். நல்லவற்றின் நடுவே விரலால் தடவித் தடவி, பிசிறு நின்ற அந்த ஒரு பீஸைக் கண்டுபிடித்து, கழிவுக்கான சிவப்புத் தொட்டியில் போட்டேன்.