மேஸ்திரிக்குக் கால் நொண்டவில்லை

இந்தக் காலத்து டாக்டர்களுக்குக் கேள்வி கேட்கத்தான் தெரிகிறது. என்ன செய்கிறது, எப்போதிலிருந்து, என்ன சாப்பிட்டது என்று எல்லாவற்றையும் நம்மிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதையே கொஞ்சம் திருப்பிப் போட்டு நமக்குச் சொல்கிறார்கள். அதற்கு ஒரு போர்டு, ஒரு ஏசி. அந்தக் காலத்து ஹகீம் கையைப் பிடித்து நாடி பார்ப்பார். அவரும் வாயைத் திறக்க மாட்டார், நாமும் திறக்க வேண்டியதில்லை. நேற்று என்ன தின்றோம் என்பது வரை அவரே கண்டுபிடித்துவிடுவார்.

அத்தாவுல்லா பாயின் எண்ணம் இதுதான். கிழக்குத் தாம்பரத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர். அடுத்தவன் தராசை நம்பாமலே ஆயுளைக் கழித்தவர். பால்காரனை நம்ப மாட்டார். மகன் வாங்கிக் கொடுத்த போனை நம்ப மாட்டார். அவர் நம்பிய ஒரே ஆள், சந்தையில் அவருக்குக் கிடாக்குட்டி விற்றவன். "நல்ல குட்டி பாய். வர்ற பக்ரீதுக்கு ஆவும்" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அதிகம் பேசாதவன் பொய் சொல்ல மாட்டான் என்று பாய் வாங்கிவிட்டார்.

அந்தக் கிடா இப்போது கால்நடை டாக்டரின் வராந்தாவில், ஒரு வெள்ளைப் பூனைக்கும் சப்பை மூக்கு நாய்க்கும் நடுவில் நின்று, சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி போஸ்டரைத் தின்றுகொண்டிருந்தது. அதன் பெயர் மேஸ்திரி. தெருவில் யார் வேலை செய்தாலும் பக்கத்தில் போய் நின்று மேற்பார்வை பார்க்கும் என்பதால் பாயே வைத்த பெயர். அறுக்கப்போகிற ஆட்டுக்குப் பெயர் வைக்காதீர்கள் என்று அவர் மனைவி ஹஃபீசா அப்போதே சொன்னாள். கேட்டிருக்கலாம்.

பக்ரீது நெருங்கிவிட்டது. இந்த வருஷம் குர்பானியாக அறுத்துக் கொடுக்க இந்தக் கிடாதான் என்று பள்ளிவாசலில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. மனசு வரவில்லை என்று இப்போது சொன்னால், இரும்புக்கடை அத்தாவுல்லா ஆட்டுக்கு அழுகிறான் என்று தெருவே சிரிக்கும். இந்த நேரத்தில்தான் மேஸ்திரி மதில்மேலிருந்து குதித்து முன்னங்காலை நொண்ட ஆரம்பித்தது. நொண்டுகிற ஆடு குர்பானிக்கு ஆகாது. பாய்க்கு உள்ளுக்குள் பெருநாள் அன்றைக்கே வந்துவிட்டது.

"நொண்டின்னு டாக்டர் சொல்லட்டும். வேற ஆடு பாத்துக்கலாம்" என்று ஹஃபீசா அனுப்பிவைத்தாள்.

டாக்டர் டெபோரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டாள். "என்ன ஆச்சு பாய்?"

"நீங்கதான டாக்டரு. நீங்களே பாத்து சொல்லுங்க."

"எப்பலேருந்து நொண்டுது?"

பாய் மின்விசிறியைப் பார்த்தார்.

"எங்கயாவது விழுந்துச்சா?"

"பாத்தா தெரியாதா?"

பார்த்தாள். குளம்பின் நடுவில் ஒரு கண்ணாடிச் சில்லு. இடுக்கியால் எடுத்து மருந்து வைத்தாள். கம்பவுண்டர் ராகவேந்திரா ஆட்டைக் கீழே இறக்கிவிட்டான். நாலு காலையும் நன்றாக ஊன்றி அது தன்னை ஒருதரம் உதறிக்கொண்டது.

டாக்டர் அதோடு விடாமல் ஆட்டின் வாயைத் திறந்து பார்த்தாள். காலுக்கு வந்தால் வாயைப் பார்க்கிறாள், இதுதான் படிப்பு என்று பாய் நினைத்துக்கொண்டார்.

"இத எதுக்கு பாய் வளக்கறீங்க?"

குர்பானிக்கு என்றால், அதற்கு ஏன் முகம் இப்படி இருக்கிறது என்பாள். காப்பாற்றத்தான் வந்தேன் என்றால், கம்பவுண்டர் வெளியே போய்ச் சொல்வான். யாரை நம்புவது.

"சும்மா. ஆசைக்கு."

"அப்ப ஒண்ணும் பிரச்சன இல்ல. நல்ல குட்டி" என்று தட்டிக் கொடுத்தாள்.

மேஸ்திரி அவருக்கு முன்னால் ஓடி வீடு சேர்ந்தது.

நொண்டி போனால் நோய் இருக்கிறது. நோயாளி ஆடும் ஆகாது. அடுத்த முறை போவதற்கு முன் பாய் அதற்கு ஒரு தட்டு நிறைய பன்னும் வாழைப்பழமும் ஊட்டினார். டாக்டர் நீட்டிய அகத்திக்கீரையை மேஸ்திரி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சாப்டறதே இல்லம்மா."

"வேற எதாவது குடுத்தீங்களா?"

"பச்சத் தண்ணி கூட குடுக்கல."

ஆட்டின் தாடியில் பன் தூள் ஒட்டியிருந்தது. டாக்டர் அதைப் பார்த்தாள், பாயையும் பார்த்தாள், பூச்சி மருந்தும் பசிக்கு ஒரு டானிக்கும் கொடுத்தாள்.

டானிக் நல்ல டானிக். மேஸ்திரி கீரையைத் தின்றது, கீரை கட்டி வந்த வாழைநாரைத் தின்றது, பாயின் தொப்பியில் பாதியைத் தின்றது. உடம்பு மினுமினுவென்று ஆகிவிட்டது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "மாஷா அல்லாஹ், யாரும் கண்ணு வெச்சிடப் போறாங்க" என்று ஹஃபீசா பூரித்தாள்.

கறிக்கடை அக்தர் வந்து மேஸ்திரியின் முதுகைத் தடவினான். "இன்னா பாய், தேர் மாதிரி கீது. எங்க, வாயத் தொற பாப்போம்."

பாய் அவன் கையைத் தட்டிவிட்டார். "என் ஆட்டு வாயில கைய வுடாத."

"இதுக்கே இப்டியா? அன்னிக்கு இன்னா பண்ணுவ?"

அன்றைக்கு என்ன செய்வது என்றுதான் பாய்க்கும் தெரியவில்லை. மூன்றாம் முறை போய், ஒரு கண் தெரியவில்லை என்றார். டாக்டர் அந்தக் கண் பக்கமாக விரலை ஆட்டினாள். மேஸ்திரி அவளுடைய பேனாவைக் கவ்விக்கொண்டது.

டாக்டர் நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். "பாய், அது நல்லா இருக்கு. உங்களுக்குத்தான் என்னமோ இருக்கு. என்ன வேணும்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அதுக்கு ஏத்த மாதிரி நான் சொல்வேன்ல?"

பாய் சொல்ல வாயைத் திறந்தார். ராகவேந்திரா கதவோரம் நின்று பஞ்சு சுற்றிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

மறுநாள் எதிர்வீட்டு வில்பிரட் சாரிடம் போனார். ஸ்கூல் வாத்தியாராக இருந்தவர். அவர் தம்பிக்குத் திருப்போரூர் பக்கம் தோட்டம், அதில் ஆடுகள். குட்டியானை வண்டியில் மேஸ்திரியை ஏற்றும்போது, "இத மட்டும் யாருக்கும் குடுக்காதீங்க சார்" என்றார் பாய். வில்பிரட் சார் தலையாட்டினார். பாய்க்கு அந்தத் தலையாட்டலிலும் நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் கயிற்றைக் கொடுத்தார்.

வீட்டில், "மாத்திட்டேன். அதவிடப் பெரிசு கெடச்சிது" என்று ஒரு சாம்பல் நிற ஆட்டைக் கொண்டுவந்து கட்டினார்.

ஹஃபீசா அந்த ஆட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள்.

பக்ரீது முறைப்படி முடிந்தது. கறி பங்கு வைத்துக் கொடுத்தாயிற்று. அதன் பிறகும் ஹஃபீசா காய்கறித் தோலைக் கிண்ணத்தில் சேர்த்து வாசல்வரை எடுத்துக்கொண்டு போவாள். அங்கே போனதும் நினைவு வந்து குப்பையில் கொட்டுவாள். பாய் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.

ஒருநாள் பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனார். மேஸ்திரி உடம்பு இன்னும் தேறி, மற்ற ஆடுகளோடு நின்றது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. தூரத்தில் இரண்டு பேர் வேலி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதை மேற்பார்வை பார்க்கப் போய்விட்டது.

திரும்பக் கேட்கலாமா என்று யோசித்தார். கொடுத்ததைக் கேட்டால், ஏன் கொடுத்தாய் என்று கேட்பார்கள். வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்.

தாம்பரம் ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் ராகவேந்திரா நின்றிருந்தான்.

"இன்னா பாய், மேஸ்திரிய கூட்டினு வரவே இல்ல? அடுத்த பூச்சி மருந்து குடுக்கணுமே."

"அது இல்ல. வேற எடத்துல வுட்டுட்டேன்."

"ஏன்? ஆசையா தான வளத்தீங்க."

பாய் டீயை ஊதினார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. "ஆசைக்கு இல்லப்பா. குர்பானிக்கு வளத்தது. மனசு வர்ல. அதான் கண்ணுல படாத எடத்துல வுட்டேன்."

ராகவேந்திரா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். "குர்பானிக்கா? அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா பாய்? இந்த சீசன்ல நாங்க பாக்கறதே ஆட்டுப் பல்லுதான். மொத நாளே மேடம் வாயத் தொறந்து பாத்தாங்களே, அதுக்கு பால் பல்லு ஒண்ணுகூட விழல. வருஷம் நெறையாத குட்டி. நீங்களே குடுக்கறேன்னு நின்னிருந்தாகூட, இந்த பக்ரீதுக்கு அது ஆவாது பாய்."

பாய் டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாம சொன்னாத்தான் சொல்லுவாங்கன்னா, அவங்க இன்னா டாக்டரு" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.