எல்லாருக்கும் பதில் போடும் மெயில் அண்ணை

இலங்கையில் ஒரு நாளில் போகும் மின்னஞ்சலில் பாதி எங்கள் ஊர் அக்கராயனிலிருந்துதான், அதுவும் மெயில் அண்ணை ஒருவரிடமிருந்துதான் போகிறது என்று அடித்துச் சொல்வேன்.

அவருக்குத் தொழில் வாட்டர் பம்ப் திருத்துவது. வட்ஸ்அப்பில் காலை வணக்கப் பூக்களுக்குள் தண்ணீர்க் கதை தொலைந்துபோகிறதே என்று, வயல் செய்யும் எங்கள் கமக்காரர்களுக்கு நான் ஒரு மின்னஞ்சல் குழு தொடங்கினேன். ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். வந்தது வினை. உரம் வந்துவிட்டது என்று யாராவது எழுதினால், அத்தனை பேருக்கும் "ஓம், சரி" என்று அண்ணையின் பதில் வரும். பாரை வேண்டாம், விளைமீன் அனுப்பும் என்று முல்லைத்தீவு மருமகனுக்கு எழுதியதும் எங்களுக்கே வந்தது. இரண்டு பேர் தங்களுக்கும் விளைமீன் கேட்டார்கள்.

ஒருநாள், வயலுக்குள் நிற்கிறேன், பிறகு எழுதுகிறேன் என்று தானாகப் போகும் பதிலொன்றை வைத்துவிட்டு மனுசன் வயலில் இறங்கிவிட்டார். யாரோ உரம் பற்றி எழுத, அந்தப் பதில் குழுவுக்கு வந்தது; குழு அதை அவருக்கே அனுப்பியது; அதற்கும் பதில் போனது. அவர் கரையேறுவதற்குள் எங்கள் எல்லோரின் மெயில் பெட்டியும் நிரம்பிவிட்டது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. இணையத்தில் கருத்துக்களம் ஒன்று அமைத்தேன். தண்ணீருக்கு ஒரு தலைப்பு, பூச்சிக்கு ஒரு தலைப்பு, தேடினால் பழைய பதிலும் கிடைக்கும். எனக்கே என்னில் பெருமை. அண்ணை மட்டும் வரமாட்டேன் என்றார்.

"களத்துக்கு நாங்கள் தேடிப் போகவேணும், பிள்ளை. மெயில் எங்களைத் தேடி வரும்."

பழைய குழுவில் தனியாளாக எழுதிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

மழையில்லாத அந்தச் சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீரை முறை வைத்து விட்டார்கள். என் வயல் வாய்க்காலின் கடைசியில். முறை வருவதற்குள் கதிர் தள்ளப்போகும் குடலைப் பயிர் காய்ந்துவிடும். யாராவது முறை மாற்றித் தருவீர்களா என்று களத்தில், சரியான தலைப்பின் கீழ், அழகாக எழுதினேன். ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. வரம்பில் நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது.

சைக்கிளில் போன அண்ணை இறங்கி வந்து விசயத்தைக் கேட்டார். போனை எடுத்து, பழைய குழுவுக்கு ஒற்றை விரலால் தட்டினார்.

"பிள்ளையின்ர பயிர் காயுது. ஆர் முறை மாத்துவியள்?"

பதில்கள் வந்து குவிந்தன. நான் தருகிறேன், நீ தராதே, நான்தான் பக்கத்து வயல் என்று எல்லோரும் எல்லோருக்கும் எழுதிச் சண்டை பிடித்தார்கள். அன்று பின்னேரமே தண்ணீர் பாய்ந்தது.

களம் இன்னும் இருக்கிறது, பழைய பதில் தேட. கதையெல்லாம் திரும்பக் குழுவில்தான். இப்போது ஒருநாள் அண்ணையிடமிருந்து மெயில் வராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அவர் வீட்டுப் படலைவரை போய், ஆளைக் கண்ணால் கண்டபிறகுதான் திரும்புவேன்.