டர்போக்காரரும் என் வலது கால் செருப்பும்

காவிரிப் பாலத்தில் என்னை ஊர் கேட்க அலற வைத்த ஒரே மனிதர் டர்போக்காரர்தான். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கேட்டால் பாலக்கரையில் யாருக்கும் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கம். லேத் பட்டறை வைத்திருந்த அவர், ராணுவ ஏலத்தில் எடுத்த மோட்டார் சைக்கிளில் டர்போ பொருத்தக் கிளம்பினார். "வெளியே போற புகையாலயே ஒரு விசிறியைச் சுத்த விடறோம் சார். அது காத்தை எஞ்சினுக்குள்ள திணிக்கும். வார நாள்ல மார்க்கெட்டுக்கு, லீவு நாள்ல சோழவரம் ரேசுக்கு. ஒரே வண்டி!"

கிடைத்த டர்போவோ கழித்துப்போட்ட புல்டோசருடையது. எஞ்சின் பக்கத்தில் பலாப்பழம் போலத் தொங்கியது.

"கொஞ்சம் பெரிசோ?" என்றேன்.

"பெரிசுன்னா பலமும் பெரிசுதானே சார்!"

முதல் நாள் ஸ்டார்ட் செய்தபோது மாதா கோயில் புறாக்கள் மொத்தமும் கிளம்பின, மாலைவரை திரும்பவில்லை. இரண்டாம் நாள் எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டி கருகியது. மூன்றாம் நாள் அவர் மனைவி டீச்சரம்மா தீர்ப்புச் சொன்னார்.

"சார் உள்ளதை உள்ளபடி டைரியில எழுதறவர். பின்னால உக்காந்து ஸ்ரீரங்கம் போய்ட்டு வரட்டும். 'பயமில்லை'ன்னு எழுதினா ரேசுக்குப் போங்க. இல்லேன்னா வண்டி பழைய இரும்புக் கடைக்கு!"

டர்போக்காரர் என்னைப் பார்த்தார். இரண்டு வருட உழைப்பு அந்தப் பார்வையில் இருந்தது.

சனிக்கிழமை காலை 7.10-க்குக் கிளம்பினோம். சிந்தாமணிவரை சைக்கிள்கள் முந்தின. ஒரு தயிர்க்காரம்மா நடந்தே முந்தினார். 7.26-க்குப் பாலம். டர்போக்காரர் ஆக்ஸிலரேட்டரை முழுக்க முறுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை.

"எழுந்திருக்க நேரமாகும் சார். பெரிசுல்ல?"

நான் நிம்மதியாகப் பேனாவை எடுத்தேன்.

அது எழுந்தது.

பாலத்தின் மிச்சத்தை நான் பார்க்கவில்லை. கக்கத்தில் வைத்திருந்த குடை காவிரிக்குப் போயிற்று. "ஐயோ, நிறுத்துங்க!" என்று அலறினேன்.

"நானும் அதுக்குத்தான் சார் பாக்கறேன்!"

சாரம் கட்டியிருந்த ராஜகோபுரம் எங்களை நோக்கி ஓடி வந்தது. வண்டி தானாகவே செத்து நின்றபோது என் கையில் பேனா மூடி மட்டும் இருந்தது. வலது கால் செருப்பு இல்லை.

திரும்பும்போது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம். பாலத்தில் ஒருமுறைதான் பேசினார்: "உள்ளதையே எழுதுங்க சார். பரவாயில்லை."

வாசலில் டீச்சரம்மா காத்திருந்தார். நான் அவரிடமே பேனா வாங்கி, சட்டைப் பையில் தப்பியிருந்த டைரியில் அவர் கண்ணெதிரே எழுதினேன்: 'பயமில்லை.'

இரண்டு முறை படித்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"இன்னொரு செருப்பு எங்க சார்?"

"ஸ்ரீரங்கத்துல."

உள்ளே போய்க் கணவரின் செருப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "போட்டுக்கிட்டுப் போங்க." பிறகு டர்போக்காரரிடம் திரும்பி, "ரேசுக்குப் போயிட்டு வாங்க. ஹெல்மெட்டை மறந்துடாதீங்க" என்றார்.

சோழவரத்தில் அவர் கடைசியாக வந்தார். ரேஸ் முடிந்த பிறகுதான் டர்போ எழுந்ததாம்.

என் முப்பது வருட டைரிகளில் அந்த ஒரு வார்த்தை மட்டும் பொய். அடித்துத் திருத்தச் சிவப்புப் பேனாவோடு பலமுறை அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறேன். இன்றுவரை கை வரவில்லை.