மேகம் தெரியுதா?

மனிதர்களில் படக்காரர் என்றொரு வகை உண்டு. சினிமாக்காரர் அல்ல; தன் மண்டைக்குள் எடுத்த படத்தை ஊருக்கெல்லாம் காட்டுகிறவர்.

வைரஸ் காய்ச்சல் ஒன்று வரும், போகும். இருமலும் சளியும் விடைபெற்ற பிறகும் வாசனை மட்டும் திரும்பாது. காபி வெந்நீராகிவிடும். டாக்டர் சைனஸை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, அடைப்பு ஏதுமில்லை, நரம்பு தேற நாளாகும் என்று அனுப்பிவைப்பார். நீங்களும் நானும் நிம்மதியாக வீட்டுக்கு வருவோம். படக்காரர் வருவாரா? இவ்வளவு அவதிப்பட்டும் படத்தில் ஒன்றுமில்லை என்றால் மானம் என்னாவது?

என் பக்கத்து வீட்டுக்காரர் அப்படி எடுத்த தன் ஸ்கேன் படத்தை ஜன்னலில் பிடித்து, தானே துழாவி, இடது கன்னத்துக்குப் பின்னால் ஒரு மங்கலைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து தபால்காரர், தையல்காரர், லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவர், வழி கேட்டு வந்த அப்பாவி என எல்லோரும் அண்ணாந்து பார்த்தாக வேண்டும்.

"மேகம் தெரியுதா? டாக்டருக்குத் தெரியல."

தெரியவில்லை என்றவர்களுக்குக் காபி கிடையாது.

இந்தக் கூத்தில் மாட்டிக்கொண்டவர் அவர் மனைவி. ஒரு நாள் கேஸைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டி தேடப் போன கணவர், வழியில் பேப்பரோடு உட்கார்ந்துவிட்டார். வீடெல்லாம் நாறியது அவருக்கு மட்டும் தெரியவில்லை. அதிலிருந்து அந்த அம்மாள் ஒரு நாள்கூட வீட்டைவிட்டு நகரவில்லை. வெளியூரில் முழங்கால் ஆபரேஷன் ஆகித் தனியாகப் படுத்திருக்கும் அக்காவுக்குத் தினமும் போனில் ஒரே பதில்தான்: இவருக்கு மூக்கு வரட்டும், அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் முறை. ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்தவன்தான் நான். படத்தை ஜன்னலில் தூக்கிப் பிடித்தார். மேகத்தைக் காணோம். சாப்பாட்டு மேஜையில் கிடந்த படத்தில் காபி சிந்தியிருந்ததாம், மனைவி துடைத்துவைத்திருக்கிறார். காபிக் கறையோடு, இத்தனை மாதமும் மேகமாக உலவிய, கணவரின் கட்டைவிரல் தலையெண்ணெய்த் தடமும் போய்விட்டது.

அவர் முகம் சிவந்தது. "பாத்திரம் தேய்க்கிற துணியாலயா துடைச்சே? எலுமிச்ச நாத்தம் குடலைப் புடுங்குது."

சமையலறையில் தட்டு கழுவும் சத்தம் நின்றது. அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வாசல்படியில் வந்து நின்றார்.

"எலுமிச்ச வாசனையா அடிக்குது உங்களுக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அப்ப கேஸ் நாத்தமும் அடிக்கும்."

அவ்வளவுதான் சொன்னார் அந்த அம்மாள். கணவருக்கு மூக்கு வந்து மூன்று வாரமாயிற்றாம். படம் பார்க்காத ஆட்கள் இன்னும் பாக்கியிருந்ததால், அவர் வாயைத் திறக்கவில்லையாம். அரைமணி நேரத்தில் அந்த அம்மாள் பையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றார். பை ரொம்ப நாளாகவே தயாராக இருந்திருக்கிறது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் பீரோ மேல் ஒரு பெரிய பழுப்பு உறை இருக்கிறதே, நாலு வருஷத்துக்கு முன்பே குணமான முதுகுவலியுடையது? விருந்தாளி வந்து உட்கார்ந்ததும் உங்கள் கண் ஏன் அங்கே போகிறது? அதை எடுக்குமுன், வீட்டில் யாராவது பையைக் கட்டிவைத்துக் காத்திருக்கிறார்களா என்று ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.