ஓய்வுக்கு ஒரு டிக்

உலகில் எத்தனையோ புரட்சிகள் நடந்திருக்கின்றன. ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல், அரைப் பக்கப் படிவத்தாலேயே நடந்து முடிந்தது அந்த நிறுவனத்தின் ‘மாற்ற மேலாண்மை மற்றும் ஊழியர் நல்வாழ்வுத் திட்டம்’ ஒன்றுதான். படிவத்தில் இருந்ததும் ஒரே கேள்வி: ‘உங்களுக்கு ஓய்வு தேவையா? ஆம் / இல்லை.’

தபால் பிரிவு எழுத்தர் ‘ஆம்’ மீது டிக் அடித்தார். அவருக்கு வயது நாற்பத்து மூன்று. அவர் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. ஆறு வருடமாக அதில் ஆடி ஆடி இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. புது நாற்காலி கேட்டுப் பதினொரு கடிதம் எழுதி, தானே எண் போட்டு அனுப்பி, நகலைத் தானே கோப்பில் வைத்திருந்தார். நாற்காலிதான் வரவில்லை, ஒரு நாள் படுத்துக் கிடக்கவாவது விடுவார்கள் என்று ஒரு நப்பாசை.

மூன்றாம் நாள் நல்வாழ்வு மேலாளர் கூப்பிட்டனுப்பினார். எந்நேரமும் சிரித்த முகம் அந்த அம்மாளுக்கு. ஊழியர்கள் அவரைப் ‘பல்வாழ்வு’ என்பார்கள்.

“வாழ்த்துகள் சார். ஓய்வு கேட்டிருந்தீங்க, குடுத்துட்டோம்.”

“ரொம்ப நன்றி மேடம். எத்தனை நாள்?”

“நாள் கணக்கெல்லாம் எதுக்கு? முழுசா எடுத்துக்கோங்க.”

“முழுசான்னா?”

“பணி ஓய்வு சார்.”

எழுத்தர் வீட்டில் அவர் ஒருவர் சம்பளம்தான். மகள் இப்போதுதான் பத்தாம் வகுப்பு.

“மேடம், நான் கேட்டது இடுப்பு வலிக்கு.”

“இடுப்பும் உங்க கூடவேதானே வரும்?”

“அப்ப அந்த டிக்கை அழிச்சிடறேனே.”

“அடிச்ச டிக்கை அழிச்சா அது மாற்றத்துக்கு எதிர்ப்பு சார். ஒழுங்கு நடவடிக்கை எடுக்கணும். அப்புறம் வழியனுப்பு விழா கிடையாது. ‘ஆம்’ போட்ட மத்த பதினேழு பேரும் சந்தோஷமா போயிட்டாங்க பாருங்க.”

அந்தப் பதினேழு பேருக்கும் போன உத்தரவு உறைகளை வாழ்த்து மடல் என்று நம்பி அனுப்பி வைத்தவர் எழுத்தரேதான்.

மாலை நான்கு மணிக்குப் பதினெட்டாவது உறை அவர் மேஜைக்கு வந்தது. அவருடையது. பிரித்துப் படித்தார். கடைசி வரியில் கண் நின்றது: ‘இவ்வுத்தரவு, தபால் பிரிவு அனுப்பும் தேதியிலிருந்து அமலுக்கு வரும்.’

தபால் பிரிவு என்றால் அவர்தான். உத்தரவை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார், எட்டாக மடித்தார். குனிந்து நாற்காலியின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார். உட்கார்ந்து பார்த்தார். ஆடவில்லை.

மாதம் ஒருமுறை பல்வாழ்வு கேட்பார், “சார், உங்க உத்தரவு என்னாச்சு?”

“வரிசையில இருக்கு மேடம்.”

விதிப்படி அதற்கு மேல் கேட்க முடியாது.

அடுத்த வருடமும் அதே படிவம் வந்தது. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்த காசாளர்கூட ‘இல்லை’ என்றே டிக் அடித்தார். ஊழியர் களைப்பை நூறு சதவீதம் ஒழித்த சாதனைக்காகப் பல்வாழ்வுக்குக் கேடயம் கொடுத்தார்கள். மேடையில் அவர் மைக்கை எழுத்தரிடம் நீட்டினார்.

“சொல்லுங்க சார், நம்ம திட்டத்தால என்ன நன்மை?”

“என் நாற்காலி இப்ப ஆடறதே இல்ல மேடம்.”

கைதட்டல் அடங்கும்வரை எழுத்தர் காத்திருந்தார்.

“மத்த பதினேழு நாற்காலியும் ஆடல. ஆள் உட்கார்ந்தாத்தானே ஆடும்.”