வாணாம் நானாவின் மூக்கு

கடைக்கு வந்தவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதற்கென்றே கடை திறந்து வைத்திருந்த மனிதர் ஊவா மாகாணத்தில் ஒருவர்தான் இருந்தார். பதுளைக் கடைவீதியில் அவருக்குப் பெயர் வாணாம் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்பார்கள். சொந்தப் பெயர் கடையின் போர்டில் இருந்தது. ஆனால் போர்டுக்கு முன்னால் வாளிகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்ததால் அதை யாரும் படித்ததில்லை. தேயிலைத் தோட்டத்துப் பக்கம் நாங்கள் "இருக்கு" என்று சொல்வது அவர் வாயில் "ஈக்கி" என்றும், "வேணாம்" என்பது "வாணாம்" என்றும் வரும். அந்த வாணாம் வராத நாளே கிடையாது.

ஹார்ட்வெயார் கடை. ஆணி, பூட்டு, மண்வெட்டி கேட்டால் பேசாமல் எடுத்துக் கொடுப்பார். பெயின்ட், வார்னிஷ், பசை என்று வாயைத் திறந்தால் தீர்ந்தது கதை. டின்னைத் திறப்பார். கண்ணை மூடி, மூக்கை உள்ளே விட்டு ஓர் இழுப்பு இழுப்பார். பிறகு மூடியை ஓங்கி அடித்துச் சாத்துவார்.

"வாணாம் தம்பி. இத பூசின வீட்டுல மனுசன் படுக்க ஏலா."

கொஸ்லந்தையிலிருந்து ஒரு மாப்பிள்ளைப் பையன் கல்யாணக் கட்டிலுக்கு வார்னிஷ் வாங்க வந்தான். "பொண்ணு மொத நாளே தலயிடின்னு சொல்லி உம்மா வீட்டுக்குப் போயிரும். தேங்கெண்ணெய போட்டுத் தேய்" என்று அனுப்பிவிட்டார். பையனும் போய்த் தேய்த்தான். கட்டிலை எறும்புகளே தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனதாகக் கேள்வி.

நானா மத்தியான லுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போகும் நேரத்தில்தான் அந்தக் கடையில் உண்மையான வியாபாரம் நடக்கும். கல்லாவில் இருந்த அவருடைய மச்சான், நானாவின் தொப்பி முடுக்கில் திரும்பி மறைந்ததும் தெருவுக்கு வந்து கையைக் காட்டுவார். எதிர்க் கடையில் பிளேன்டீயோடு காத்திருந்த மேசன்மார் ஓடிவந்து டின் டின்னாகத் தூக்கிப் போவார்கள். நானா திரும்பி வந்து காலியான தட்டைப் பார்த்து, "எங்க மச்சான் டின்னெல்லாம்?" என்று கேட்பார். "எலி" என்பார் மச்சான்.

ஊரே சிரித்த இந்த மனிதரிடம் நான் போய் நின்றதற்குக் காரணம் பயம்.

ஹாலிஎலையில் ஒரு துண்டு நிலம் வாங்கி, நானும் மனைவி மாலாவும் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு பேருமே பூனாகலைப் பக்கம், தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயத்து அறையில் பிறந்தவர்கள். நான் பதுளையில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். எங்கள் மகள் தர்ஷினிக்கு இளைப்பு. மழைக்காலத்தில் அவள் மூச்சு விடும் சத்தம், பழைய கதவு திறப்பதுபோல் இருக்கும். அந்தச் சத்தம் வரும்போதும் பயப்படுவேன். வராவிட்டால் எழுந்து போய் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன். சுவர் எழும்பி, கூரையும் ஏறிய பிறகுதான் டொக்டர் சாவகாசமாகச் சொன்னார்: "புது பெயின்ட் வாசனை, பசை வாசனை பக்கம் புள்ளைய கொண்டு போயிறாதீங்க. இழுப்பு வந்திரும்."

பிள்ளைக்காகத்தான் வீடு. அந்த வீட்டுக்குள் பிள்ளையைக் கொண்டு போகக் கூடாதென்றால் நான் என்ன செய்ய?

நானா எல்லாவற்றையும் கேட்டார். முதல் தடவையாக, எந்த டின்னையும் திறக்காமல் எழுந்து சட்டையை மாட்டினார்.

"ஊட்ட பாக்கணும். வாங்க."

பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் புதுத் தோல் பையை முகர்ந்து சண்டை வாங்கிக்கொண்டுதான் ஹாலிஎலைக்கு வந்து சேர்ந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் நான் ஓஃபரில் வாங்கிப் பெருமையாக வைத்திருந்த அலுமாரியின் கதவைத் திறந்து, உள்ளேயே ஏறி நின்றுகொண்டார். அலுமாரிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தம்பி, இது பலகையா?"

"பலகைதானே நானா?"

"மரத்தூள பசையில கொழச்சி அமத்தி வெச்சீக்கி. இது சும்மா நின்னாலும் பசை மூச்சு விட்டுக்கிட்டே ஈக்கும். வாணாம். பலா மரத்துல ரெண்டு தட்டு அடிங்க, போதும்."

அலுமாரி வந்த லொறியிலேயே திரும்பிப் போனது. தரைக்குப் பிளாஸ்டிக் விரிப்பு வாணாம், வெறும் சீமெந்துத் தரை போதும் என்றார். சீலிங்குக்கு நான் பார்த்து வைத்திருந்த பளபளப்புப் பலகையும் வாணாம். என்னையும் அந்த வியாதி பிடித்துக்கொண்டது. அலுவலகத்தில் புது ஃபைலை முகர்ந்தேன், பக்கத்து மேசைக்காரரின் சட்டையை முகர்ந்தேன். அவர் வேறு மேசை கேட்டு வாங்கிப் போனார்.

கடைசியில் வந்தது சுவர்.

"சுண்ணாம்புதான் தம்பி" என்றார் நானா. "நாத்தமும் இல்ல, பூஞ்சணமும் புடிக்காது. நல்லா ஊற வெச்ச சுண்ணாம்ப அடிச்சி, காஞ்ச பொறகு புள்ளைய கொண்டு வாங்க. அழகா வெள்ள அடிச்சிருவோம்."

தேநீர் தட்டோடு வந்த மாலா அப்படியே நின்றாள். தட்டைத் தரையில் வைத்தாள்.

"வெள்ள அடிக்கிறதா? நானா, நான் பொறந்தது லயத்துல. எங்க லயத்துக்கு எப்ப வெள்ள அடிப்பாங்க தெரியுமா? கொழும்புலேர்ந்து பெரியவங்க யாராச்சும் வாறாங்கன்னா அடிப்பாங்க. அதும் ரோட்டுப் பக்கத்து செவுத்துக்கு மட்டும். உள்ளுக்கு எங்கம்மா அடுப்புக் கரியோடதான் கெடந்தாங்க. நான் இத்தன பாடுபட்டு இந்த வூட்ட கட்டுனது, திரும்ப அந்த செவுத்தயே பாத்துக்கிட்டு கெடக்கவா? எனக்குப் பெயின்ட்தான் வேணும். தொட்டா வழுக்கணும்."

நானா தேநீரைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். மாலா சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. விடியுமுன் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடிய வீட்டில் வளர்ந்த எனக்கு அது தெரியாதா? ஆனால் பிள்ளையின் நெஞ்சுக்கு அதெல்லாம் தெரியாதே.

அந்த வாரமே நாங்கள் வாடகைக்கு இருந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தார். மத்தியானத்துக்குள் தர்ஷினிக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. தோள் எலும்பு ஏறி இறங்க, பேச முடியாமல் அவள் எங்களையே பார்த்தாள். ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை பிடித்துக் கொஞ்சம் அடங்கியதும், மாலா பிள்ளையை நர்ஸின் பொறுப்பில் விட்டுவிட்டு, நேரே என்னை இழுத்துக்கொண்டு கடைவீதிக்கு நடந்தாள்.

"நானா, சுண்ணாம்பே அடிங்க. ஆனா வெள்ள அடிக்கக் கூடாது."

"சுண்ணாம்புன்னா வெள்ளதானே தங்கச்சி?"

"தரைக்குப் போடுற கலர்த்தூள் வச்சிருக்கீங்கள்ல? அதுல மஞ்ச நெறத்த எடுத்து சுண்ணாம்புல கலக்குங்க. ரோட்டுலேர்ந்து பாத்தா தெரியணும்."

நானா மச்சானைப் பார்த்தார். மச்சான் நானாவைப் பார்த்தார். சுவரில் பூசுகிற பொருள் ஒன்றை நானா தன் கையாலேயே எடுத்து விற்றதை ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் கடைவீதி கண்டது.

அடித்த அன்று சுவர் ஈரத்தில் சேற்று நிறமாக நின்றது. மாலா அழாத குறை. "காயட்டும், காயட்டும்" என்று நானா சுவரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். காயக் காய வெளுத்து, நல்ல வாழைப்பழ மஞ்சளாக ஏறியது. சுண்ணாம்பு கையில் ஒட்டாமல் காய்ந்ததும் பால் காய்ச்சிக் குடிபோக நாள் குறித்தோம். பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் மத்தியானம், லுஹர் தொழுது முடித்த நானாவைக் கூப்பிட்டு, பிள்ளை படுக்கப்போகும் அறையில் நிறுத்தி, "கடைசியா ஒருக்கா மோந்து பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுத்தார். இன்னோர் இழுப்பு. பிறகு கண்ணைத் திறந்து தரையைப் பார்த்தார்.

"தம்பி, கோவிக்க வாணாம். எனக்கு ஒண்ணும் மணக்கிறல்ல."

"வாசன இல்லன்னா நல்லதுதானே நானா?"

"அதில்ல. எதுவுமே மணக்கிறல்ல. கொரோனா வந்த நேரம் போன மூக்கு. அடுப்புல கறிச்சட்டி ஆணத்தோட எரிஞ்சாலும் தெரியா."

அலுமாரியைத் திருப்பியது, சீலிங்கை விட்டது, மனைவியின் மனதை நோகடித்தது எல்லாம் இந்த மூக்கை நம்பித்தான். "அப்ப இத்தன நாளா டின்னுக்குள்ள மூக்க விட்டது என்னத்துக்கு?" என்று கத்தியே விட்டேன்.

"மூக்கு இருந்த காலத்துல நல்லது எது, கெட்டது எதுன்னு பிரிச்சி வித்த. இப்ப தெரியல்ல. தெரியாதத ஒரு புள்ள படுக்கிற ஊட்டுக்கு எப்பிடிக் குடுக்கிற? பயம் தம்பி. அதான் எல்லாத்துக்கும் வாணாம்னு சொன்ன."

பயத்தில் என்னை மிஞ்சிய ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

நானா சட்டைப் பையிலிருந்து ஒரு நீல நிறப் பம்பை எடுத்தார். இளைப்பு வந்தால் வாயில் வைத்து அழுத்துவோமே, அது. தர்ஷினியிடமும் அதேதான் இருந்தது. அதைக் கதவருகே நின்ற மாலாவின் கையில் கொடுத்தார்.

"எனக்கும் சின்னத்துலருந்து இளைப்பு தங்கச்சி. மூக்குத்தான் போன, நெஞ்சு ஈக்கி. காத்து கெட்டா எனக்கும் இழுக்கும். ஒரு பாய் தாங்க. நான் கூப்பிட்டா மட்டும் இத கொண்டு வாங்க."

நாங்கள் தடுக்கத் தடுக்க, ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, கதவையும் சாத்திக்கொண்டு அந்த அறையில் படுத்துவிட்டார். வெளியே நானும் மாலாவும் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றோம். உள்ளே இருமல் ஒன்று கேட்டது. மாலா பம்பைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தாள். "தொண்ட காஞ்சிட்டு, அவ்வளவுதான்" என்று குரல் வந்தது. பிறகு சத்தமே இல்லை. "மனுசனுக்கு ஏதும் ஆயிருச்சோ?" என்று மாலா கிசுகிசுத்தாள். மத்தியானச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

கடைசியில் தாங்க முடியாமல் கதவை மெல்லத் திறந்தேன். மஞ்சள் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்து, வாயைத் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார் நானா. நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. ஓர் இழுப்பும் இல்லை, ஒரு விசிலும் இல்லை. மாலா பம்பைப் பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்கால அசர் தொழுகைக்கு எழுந்தவர் சோம்பல் முறித்தபடி வெளியே வந்து, "புள்ளைய கூட்டிட்டு வாங்க" என்றார்.

போன வருடம் அவர் கடையை மச்சானிடம் விட்டுவிட்டுப் பண்டாரவளையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது அந்தக் கடையில் எல்லாம் கிடைக்கிறது. தர்ஷினி இந்த மழைக்கும் அந்த அறையில் நன்றாகத் தூங்குகிறாள். அவள் மூச்சு விடுவதற்கு முன்னால், அங்கே தன் மூச்சை வைத்துப் பார்த்த மனிதர் அவர். என் கூடப்பிறந்தவர்கள்கூட எனக்கு அப்படிச் செய்திருக்க மாட்டார்கள்.